பத்திரிகையில் ஏறாத மயில்

சின்ன மகளின் கல்யாணப் பத்திரிகையில் நான் வரைந்த மயில் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் அப்போதே எனக்குக் கை நடுக்கம். பேனா பிடித்தால் கோடு நெளியும்.

சிதம்பரத்தில் மருமகள் டிடிபி கடை வைத்திருந்தாள். காலேஜ் பிள்ளைகள் யாரோ, படம் வரையும் சாஃப்ட்வேர் ஒன்றைக் காசு வாங்காமல் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பழைய சாஃப்ட்வேரில் ஊறிய மருமகளுக்கு அது கைக்கு வரவில்லை. எதிலும் பழகாத எனக்கு வந்தது. கோணலாகப் போன கோட்டை அதில் பிடித்து இழுத்து நிமிர்த்திவிடலாம். ஒரு மாதத்தில் மயில் தோகை விரித்தது.

அதை சிடியில் எடுத்துக்கொண்டு கடலூர் அச்சகத்துக்குப் போனோம்.

"எங்க சிஸ்டத்துல இது தொறக்கலியே. எல்லாரும் போடறதுல போட்டுக் குடுக்கக் கூடாதா?" என்றார் அச்சகக்காரர்.

"நீங்களும் இத ஏத்திக்கலாம்ணா, ஓசிதான்," என்றாள் மருமகள்.

"ஓசிதான். எங்க பசங்களுக்கு யாரு கத்துக் குடுக்கறது? உங்க அத்தையா?"

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நானே கற்றுக் கொடுக்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது.

மருமகள் கையோடு எடுத்து வந்திருந்த மயிலின் பிரிண்ட்டை நீட்டினாள்.

"இத ஸ்கேன் பண்ணா கோடு மங்கிடும்," என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பேப்பர்ல கறுப்பு மையில கையால வரைஞ்சு குடுங்கம்மா, கோடு அழுத்தமா விழும், அப்படியே ஏத்திடறேன்."

மருமகள் என் கையைப் பார்த்தாள். நான் அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, மேசை மேலிருந்த மாதிரிப் புத்தகத்தில் ஏதோ ஒரு மயிலைக் காட்டினேன்.