பந்தல்குடிக்கு மூன்று முறை வந்த படகுப் பம்பு

தூத்துக்குடி ரோட்டில் பந்தல்குடியைத் தாண்டியதும் என் பட்டறை. டீசல் பம்பு, டீசலைப் பீய்ச்சும் நாசில் இரண்டும்தான் எங்கள் வேலை. முப்பது வருடமாக லாரி, டிராக்டர், போர்வெல் வண்டி என்று பார்த்து வருகிறேன். பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ஒவ்வொரு லைனும் எவ்வளவு டீசல் தள்ளுகிறது என்று அளந்து நான் சொல்லிவிட்டால் இந்தப் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட நானே ஒருவர் பிழைப்பைக் கெடுத்த கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தோணி என்பவர் சாயல்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர்க்காரர். அவருக்கு இருப்பது ஒரே படகு. உள்ளே இறக்கிப் பொருத்திய டீசல் என்ஜின், ஏறக்குறைய லாரி என்ஜின்தான். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் வாரமே, முக்கால் மணி நேரம் ஓடியதும் என்ஜின் இழுவை குறைந்து நின்றுவிட்டது. பம்பைக் கழற்றி எனக்கு அனுப்பினார். டெலிவரி வால்வு ஒன்று தேய்ந்திருந்தது. மாற்றி, அளவு வைத்துக் கொடுத்தேன்.

பத்தே நாளில் அதே பம்பு, அதே புகார். பெஞ்சில் போட்டால் ஒரு குறையும் இல்லை. போனில் அந்தோணியிடம் சொன்னேன்: “பம்பு சுத்தமா இருக்கு. ஓட்டுற ஆளப் பாருங்க. டேங்க் அடிமட்டம் வரைக்கும் விட்டு ஏர் புடிக்க வச்சிருப்பாரு.”

அந்தப் படகைப் பதினோரு வருடம் ஓட்டியவர் சேசு. என் பேச்சைக் கேட்டு அந்தோணி அவரை நிறுத்திவிட்டு வேறு டிரைவரைப் போட்டார்.

மூன்றாவது முறை அந்தோணியே பம்பைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். புது டிரைவர் கையிலும் என்ஜின் நின்றிருக்கிறது. நீரோட்டம் படகைப் பாறைத் திட்டுப் பக்கம் தள்ளியிருக்கிறது. நங்கூரம் போட்டும் பிடிக்கவில்லை. வேறொரு படகு வந்து கயிறு கொடுத்து இழுத்ததால் நான்கு பேர் பிழைத்தார்கள். அதில் ஒருவர் அந்தோணியின் சொந்தத் தம்பி. இவ்வளவையும் சொல்லிவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்: “ஆளையும் மாத்தியாச்சு அண்ணாச்சி. இனி யாரை மாத்த?”

 பம்பைப் பெஞ்சில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு நானே வாரேன் என்றேன்.

எங்கள் ஊரில் கண்மாய் நிறைந்து நான் பார்த்ததே சில வருடங்கள்தான். கடலில் படகேறியதில்லை. ஆனால் கோளாறு கடலில்தான் வருகிறதென்றால் மெக்கானிக்கும் கடலுக்குத்தான் போக வேண்டும். பம்பைத் திரும்ப மாட்டி, டேங்கை நிரப்பி, காலையில் கிளம்பினோம். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு வரும் வழியில், உள்ளே ஓடுவது தெரிகிற மாதிரி ஒரு முழம் கண்ணாடி ஓஸ் போட்டேன். எங்காவது காற்று இழுத்தால் குமிழியாகத் தெரியும். ஃபில்டரில் தண்ணீரும் இல்லை.

நாற்பது நிமிடம் ஓடியதும் சத்தம் மாறியது. ஓஸில் ஒரு குமிழிகூட இல்லை. ஆனால் ஓஸ் உள்வாங்கிச் சப்பையாகிக்கொண்டிருந்தது. என்ஜின் நின்றது. உட்கார்ந்து யோசித்தேன். பம்பு இழுக்கிறது, டீசல் வர மறுக்கிறது.

கொண்டுபோயிருந்த கேனில் டீசல் ஊற்றி, மேலே வைத்து, அதிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு லைன் கொடுத்தேன். என்ஜின் பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டியும் அசையவில்லை. ஆக, என்ஜினில் கோளாறில்லை. டேங்கிலிருந்து வரும் பாதையில்தான். மறுபடி டேங்க் லைனை மாட்டி ஓடவிட்டு, திணற ஆரம்பித்ததும் டேங்க் மூடியைத் திருகித் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போன சத்தம் என்ஜின் சத்தத்தை மீறிக் கேட்டது. சப்பையான ஓஸ் உப்பி நிமிர்ந்தது. என்ஜின் பழைய இழுவைக்கு வந்தது.

டேங்கில் டீசல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்க் டீசலை விடாது. டிராக்டரில் மூடியிலேயே அதற்கு ஓட்டை உண்டு. படகில் உப்புத்தண்ணீர் புகாமலிருக்க மூடியை இறுக்கி அடைத்து, காற்றுக்குத் தனியாக ஒரு வளைந்த பைப்பை மேலே கொண்டுபோயிருப்பார்கள். தரையிலேயே வேலை பார்த்த எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. நின்ற பிறகு துளித்துளியாகக் காற்று கசிந்து உள்ளே போனாலும், என்ஜின் மறுபடி பிடிக்க வெகுநேரம் ஆகும். பெஞ்சில் இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

அந்தப் பைப்பின் வாயைத் தேடினேன். பழைய லுங்கித் துணி ஒன்றைச் சுருட்டி அடைத்து, அதன்மேல் பெயிண்டும் அடித்திருந்தது. ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்தேன். அந்தோணி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, தடைக்காலத்தில் படகின் ஃபைபர் உடம்பைத் தேய்த்தபோது தூசி விழக்கூடாதென்று தானே அடைத்து, எடுக்க மறந்துவிட்டதாகச் சொன்னார். 

கரை இறங்கியதும் சேசு எங்கே என்று கேட்டேன். ஐஸ் கம்பெனியில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தார். அந்தோணி தலை குனிந்து நின்றார். நானே பேசினேன். தப்பு உங்கள் மேல் இல்லை, பார்க்காமல் சொன்னது நான்தான் என்றேன். டேங்க் மூச்சு விட வழியில்லாமல் இருந்ததையும் விளக்கினேன்.

சேசு கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். “அதானா. நின்னதும் டீசல் இருக்கான்னு மூடியத் தொறந்து கம்பு விட்டுப் பாப்பேன். அப்பறம் ஸ்டார்ட் பண்ணா ஓடிரும். ரெண்டு தடவையும் அப்படித்தான் கொண்டாந்தேன்.”

“இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல சேசு?”

“எங்கிட்ட யாரு அண்ணாச்சி கேட்டீக?”

ஒரு வாரம் கழித்து சேசு அதே படகில் ஏறினார் என்று அந்தோணி போனில் சொன்னார். அதற்கு அவர் இரண்டு முறை சேசு வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததாம்.

என் பெஞ்ச் இன்றும் துல்லியமாகத்தான் அளக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் யார் பம்பு கொண்டுவந்தாலும், ஒரு நட்டைக்கூடத் தொடுவதற்கு முன், ஓட்டினவருக்குப் போன் போடச் சொல்கிறேன். வண்டி நின்றதும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டுவிட்டு, அவர் முடிக்கிறவரை குறுக்கே பேசுவதில்லை.