தரையைப் பார்த்துப் போட்ட வரி

அடுத்தவர் வீட்டை அளக்கும் தொழிலில் முதல் நாளே ஒன்று புரிந்துவிடும்: டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள அந்த வீட்டில் ஒருவரும் முன்வர மாட்டார்கள்.

வீட்டுவரி கட்டி நொந்துபோயிருக்கும் உங்களிடம் சுற்றி வளைப்பானேன்? அநியாயம் நடந்தது யசோதாக்காவுக்கு. ஒழுகிக்கொண்டிருந்த ஷீட் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட்டார். ஓதம் ஏறிய தரையில் கல் பதித்தார். பழைய தெருக்களில் வீட்டைச் சீர்செய்கிறவர்களுக்கு வரிச் சலுகை என்று ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொன்ன நகராட்சி அலுவலகமே, அந்தக் கல்லைக் காட்டி அவருக்குச் சலுகை கிடையாது என்றது. அந்தத் தரையைப் போட்டோ எடுத்தவள் நான். ஆகவே இதில் பேச எனக்கு உரிமை உண்டு.

ஊர்ப் பெயர் வேண்டாம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் கம்பெனிகள் வந்ததும் நாலா பக்கமும் வீங்கிப்போன ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பல்கலைக்கழகத்தில் படிப்பது பொது நிர்வாகம். செமஸ்டர் லீவில் சும்மா இருப்பானேன் என்று, வரி சர்வேயைக் கான்ட்ராக்ட் எடுத்திருந்த ஆட்களிடம் வேலைக்குச் சேர்ந்தேன். சலுகை இதுதான்: பழைய வீட்டில் ரிப்பேர் வேலை செய்தால், அதைக் காரணம் காட்டிச் சில வருஷங்களுக்கு வரியை ஏற்ற மாட்டார்கள். வீடு மட்டும் ‘சாதாரண வகை’யாக இருக்க வேண்டும். சாதாரணமா, ஆடம்பரமா என்பதை எங்கள் போனில் இருந்த ஆப் சொல்லும்.

வராத பாஷை

பழைய சந்தைத் தெருவில் ஒரு கதவைத் தட்டினேன். திறந்த அம்மாவிடம் தமிழில் விஷயத்தைச் சொன்னேன். “தமிழ் ராது” என்றார். பரவாயில்லை, எங்கள் அம்மா வீட்டுப் பக்கம் தெலுங்கு. தெலுங்கில் சொன்னேன். “கன்னடா, கன்னடா” என்றார். இந்த ஊரில் கீரை வாங்கவே கன்னடம் வேண்டும், அதனால் அதிலும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மாலும் நஹி” என்று இந்திக்குத் தாவினார். நான் நகரவில்லை. வாதம் என்று வந்துவிட்டால் எனக்குக் கால் வலிக்காது.

அந்த நேரம் பார்த்துப் பால்காரர் வந்தார். நேற்றைய பால் தண்ணியாக இருந்ததைப் பற்றி அந்த அம்மா அவரைப் பிடித்த பிடியில், நான் பள்ளியில் படித்த தமிழெல்லாம் ஒன்றுமே இல்லை. அவரை அனுப்பிவிட்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “அந்த டேப்பைப் பார்த்தா எனக்கு எந்தப் பாஷையும் வர மாட்டேங்குது பாப்பா. அதைப் பையில போட்டுக்கினு வா, தமிழ்லயே பேசலாம்.”

கறுத்த சுவர் வீடு

அதே தெருவின் முனையில் ஒரு வீடு. வெளிச்சுவர் பாசி பிடித்துக் கறுத்திருந்தது. பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. ஐயோ பாவம் என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். உள்ளே கூரையில் ஒளித்து வைத்த விளக்குகள், அறைக்கு ஒரு ஏசி. தரையில் பெங்களூரிலிருந்து வரவழைத்த டைல்ஸ், பார்ப்பதற்கு மரப்பலகை மாதிரியே இருந்தது. வீட்டுக்காரர் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். செருப்பைக் கழற்றாமலே வரச் சொன்ன பெரிய மனசுக்காரர்.

ஆப்பில் தரைக்கு நாலு பதில்தான் உண்டு: மண், சிமெண்ட், டைல்ஸ், கிரானைட் அல்லது மார்பிள். தரையைப் போட்டோ எடுத்தால் ஆப்பே அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். எடுத்தேன், ‘டைல்ஸ்’ என்றது. சாதாரண வகை, சலுகை உண்டு என்று வந்தது. “சார், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க, இது சாதாரண வீடா?” என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காபியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “வெளிச்சுவருக்கு ஏன் பெயிண்ட் அடிக்கலைன்னு ஊரே கேக்குதும்மா. உன்னை மாதிரி யாராவது வருவீங்கன்னுதான் அப்படியே வெச்சிருக்கேன்.”

துடைத்து வைத்த தரை

அங்கிருந்து நேராகப் போனது யசோதாக்கா வீட்டுக்கு. அக்காவுக்குக் கம்பெனி கேண்டீனில் பாத்திரம் தேய்க்கும் வேலை. கணவர் முனிராஜுக்குக் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறையில் லோடு ஏற்றும் வேலை. எங்கள் பக்கத்து விஷயம் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பட்டறைகளின் பின்னால் உடைந்த கல் மலைமாதிரி கிடக்கும். இடத்தைக் காலி செய்தால் போதும் என்று கொடுத்துவிடுவார்கள், டிராக்டர் வாடகை மட்டும் நம்முடையது. டைல்ஸ் வாங்க வசதியில்லாதவர்கள்தான் இங்கே கிரானைட் போடுவார்கள். எங்கள் வீட்டு அடுப்படியும் அப்படித்தான்.

அக்கா வீட்டுத் தரையில் கறுப்புக்குப் பக்கத்தில் சிவப்பு, அதற்குப் பக்கத்தில் சாம்பல். ஒரு துண்டு மாதிரி இன்னொன்று இல்லை. முழுசாக இருந்ததெல்லாம் கப்பல் ஏறிவிட்டது, ஓரம் உடைந்தது இங்கே வந்திருக்கிறது. நான் போனை எடுத்ததும், “இரும்மா, போட்டோன்னா நல்லா வரணும்ல” என்று அக்கா ஈரத்துணி போட்டுத் தரை முழுக்கத் துடைத்தார். கட்டிலைக்கூட ஓரமாக இழுத்துப் போட்டார். படம் பளபளவென்று வந்தது. அடுத்த நொடி ஆப் சொன்னது: ஆடம்பர வகை. சலுகை பொருந்தாது.

அங்கேயே நின்று மேலதிகாரிக்குப் போன் போட்டேன். இது கழிவுக் கல் சார், மரப்பலகை டைல்ஸ் சாதாரணம், உடைசல் கல் ஆடம்பரமா என்று கேட்டேன். “கல்லு ஏழை வீட்டுதா பணக்காரன் வீட்டுதான்னு ஆப் பாக்காதும்மா” என்று வைத்துவிட்டார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வரி ஏறினால் முன்ரூமைக் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட வேண்டியதுதான் என்றார். தளம் போட வாங்கிய மகளிர் குழுக் கடனே மூச்சு முட்டுகிறதாம். அந்த ரூமில்தான் அவர் மகள் உட்கார்ந்து பன்னிரண்டாம் வகுப்புக்குப் படிக்கிறாள். ஈரத்துணியை மூலையில் போட்டுவிட்டு அக்கா என்னிடம் கேட்டார்: “தொடைக்காம அழுக்கா உட்டிருந்தா, சிமெண்ட்டுன்னு காட்டியிருக்குமா பாப்பா?”

நவீன் சொன்னது

என்னோடு அளக்க வந்தவன் நவீன். திருநெல்வேலிப் பக்கம். இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கம்பெனி வேலைக்கென்று வடக்கே வந்து, இதில் மாட்டிக்கொண்டவன். அன்று டீக்கடையில் அவனிடம் பொரிந்து தள்ளினேன். ஆப் செய்தவர்கள் இந்தப் பக்கம் வந்து ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருந்தால் போதாதா, ஊருக்கு ஊர் ஏழை வீட்டுத் தரை வேறு என்பதுகூடவா தெரியாது என்றேன். அவன் வடையைத் தின்று முடிக்கும்வரை தலையாட்டினான். பிறகு சொன்னான்: “நீ சொல்லுதது முழுக்க நியாயந்தான். ஆனா அளந்ததுக்குத்தான் துட்டு, வாதாடுனதுக்குக் கெடையாதுல்லா.”

வரி இல்லாத வராண்டா

மறுநாள் யசோதாக்காவைக் கூட்டிக்கொண்டு வரிப் பிரிவுக்கே போனேன். அங்கிருந்த அதிகாரி கத்துகிறவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவரோ அக்காவுக்கு நாற்காலி போடச் சொன்னார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் என்னை இன்னும் சூடாக்கியது. அலுவலக வராண்டாவைக் காட்டிக் கேட்டேன், “இங்கயும் கிரானைட்தானே சார் போட்டிருக்கீங்க, அப்ப இது ஆடம்பரக் கட்டடமா?” அவர் குனிந்து பார்த்தார், இத்தனை நாளும் கவனிக்காதவர் மாதிரி. “இது கவர்மென்ட் பில்டிங்மா, இதுக்கு வரியே கிடையாது” என்றார்.

மேல்முறையீடு என்றால் காலம் ஆகும், ஆப் போட்ட வகையை இங்கே உட்கார்ந்து மாற்றவும் முடியாது என்றார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்து ஒரு வழியும் சொன்னார். அவர் அதை உதவி என்றே நினைத்துத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை: “தரையைச் சிமெண்ட்டா மாத்திட்டுப் புதுசா அப்ளிகேஷன் போடுங்கம்மா. கிரானைட் கண்ணுக்குத் தெரியலைன்னா சலுகை தானா வந்துடப் போகுது.”

கொத்துவேலை

வேண்டாம் அக்கா, மேல்முறையீடே செய்வோம், நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். “நீ எழுதுவ பாப்பா, அது வர்றதுக்குள்ள பரீட்சை வந்துடும்” என்றார் அக்கா. கெலமங்கலத்திலிருந்து கொத்தனார் வந்தார். பாலிஷ் போட்ட கல்லில் சிமெண்ட் பிடிக்காது, முதலில் கல்லைக் கொத்திக் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். முனிராஜ் அன்றைக்கு ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். அவர் தோளில் சுமந்து வந்து ஒவ்வொன்றாகப் பொருத்திய கல், அதைக் கொத்துவதைப் பார்க்க அவரால் முடியவில்லை. மகள் காதைப் பொத்திக்கொண்டு முன்ரூமில் படித்துக்கொண்டிருந்தாள்.

கலவை பூசி முடித்ததும் வீடு இருண்டுபோனது. அக்கா வாசலிலேயே நின்றார், காயவில்லை என்று சாக்கு சொன்னார். கொத்தனார் மட்டக்கட்டையைக் கழுவியபடி சிரித்தார்: “சிமெண்ட் மேல கிரானைட் போட ஊரூரா போயிருக்கேன் தாயி. கிரானைட் மேல சிமெண்ட் பூச கூப்பிட்ட மொத மவராசி நீதான்.”

பதில்

மறுபடி போட்டோ எடுக்க நவீனை அனுப்பினார்கள். இந்த முறை அக்கா துடைக்கவில்லை. படத்தில் தரை நன்றாக அழுக்காகவே இருந்தது என்று அவன் வந்து சொன்னான், ஏதோ நல்ல செய்தி மாதிரி. எனக்கும் நம்பிக்கை இருந்தது. அக்காவும் நானும் அதே அதிகாரி முன்னால் போய் உட்கார்ந்தோம். அவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடப்பக்கம் பளபளப்பு, வலப்பக்கம் சாம்பல் நிறச் சேறு.

நெடுநேரம் மாறி மாறிப் பார்த்தார். “தளம் போட்டதைக் கணக்குல எடுங்க சார், அதுதானே பெரிய வேலை” என்றேன். தளம் பழைய அப்ளிகேஷனில் இருந்தது, அது முடிந்துபோனது என்றார். புதிய அப்ளிகேஷனில் இருக்கும் வேலை தரை மட்டும்தானாம். “அப்ப ஆடம்பர வகைங்கிறதையாவது எடுங்க” என்றேன். வகை அடுத்த சர்வேயில்தான் மாறுமாம். அக்கா முன்ரூமின் சாவியை முந்தானையில் முடிந்து முடிந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

பொது நிர்வாகம் என்று வருஷக்கணக்கில் நான் படித்த பாடம் முழுவதும், இரண்டு படங்களையும் மூடிவிட்டு அவர் அக்காவிடம் கனிவாகச் சொன்ன இந்தப் பதிலில் அடங்கிவிட்டது: “சலுகை, வீட்டை மேம்படுத்துறவங்களுக்குத்தாம்மா. நல்லா இருந்த கிரானைட்டைக் கொத்திச் சிமெண்ட் பூசுனா அதை எப்படிம்மா மேம்பாடுன்னு எழுத முடியும்?”