அப்பா தொடாத கை

எங்கள் சங்கரன்கோவில் பக்கம் சாவு விழுந்த துட்டி வீட்டில் ஆண்கள் அதிகம் பேசமாட்டார்கள். வரிசையாக வந்து, துக்கத்தில் இருப்பவர் நீட்டும் கைகளைத் தொட்டுவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அம்மாவின் அண்ணன், என் மாமா, நீட்டிய கையை அப்பா தொடவில்லை. எனக்கு எட்டு வயது. மானமே போய்விட்டது போலிருந்தது.

குளம் உடைந்து மாமாவின் ஊருக்குள் வெள்ளம் வந்திருந்தது. கிணற்றில் சாக்கடை கலந்து, வீட்டுக்கு ஒருவர் வாந்திபேதியில் படுத்தார். அப்பாவுக்குச் சுகாதாரத் துறையில் வேலை. மாமா கைக்குழந்தையோடு வீட்டில் நிற்க, அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அப்பாதான். அத்தை பிழைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கியதும் மாமா கைகளை நீட்டினார். அப்பா தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மச்சான், முதல்ல எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவிருவோம். பிள்ளைக்கு நீங்கதான சோறு ஊட்டணும்."

மாமாவின் முகம் கறுத்தது. "எங்க கை உமக்கு அசிங்கமாப் போச்சோ வே? பொண்டாட்டியப் பறிகுடுத்துட்டு நிக்கேன், பாடம் நடத்துதீரு!"

பந்தலே முணுமுணுத்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.  அப்பா வாசலில் வாளியை வைத்து, தன் கைகளை முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் சோப்பைக் கொடுத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நின்றார். சிலர் கழுவினார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்கள். குழந்தை பசித்து அழுதபோது மாமா எழுந்து வந்தார். அப்பாவை நிமிர்ந்து பார்க்காமல் கைகளை மட்டும் வாளிக்கு மேலே நீட்டினார். அப்பா ஊற்றினார். அப்போதும் தொடவில்லை.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னாள். ஆம்புலன்ஸில் அத்தையை மடியில் தாங்கி, நிற்காமல் போனதையெல்லாம் துடைத்துவிட்டது அப்பாதானாம். ஆஸ்பத்திரியில் எத்தனை முறை கழுவியும் தன் கைமேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லையாம். அத்தை கிடந்த கோலத்தை நாலு பேர் முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கெட்ட பேரைத் தானே வாங்கிக்கொண்டார், பாவி மனுஷர்.

அன்று இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அம்மா அங்கேயே தங்கிவிட, அப்பாவோடு பைக்கில் திரும்பினேன். அவர் மேல் என் விரல்கூடப் படாமல், பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். "அப்பாவப் பிடிச்சுக்கோ" என்று எப்போதும் சொல்கிறவர், அன்று சொல்லவில்லை. அவரை நன்றாகத் தண்டித்துவிட்டேன் என்று வீடு வரும்வரை எனக்கு ஒரே திருப்தி.