வேலிச் சீந்திலும் என் வெள்ளணுக்களும்

தொண்ணூறுகளின் நடுவில், ஆவடி சேக்காட்டில் எங்கள் வீட்டு வேலியில் சீந்தில் கொடி தானாகவே படர்ந்திருந்தது. எம்.எஸ்ஸி. கடைசி வருடம் படித்த என் மகள், அதன் தண்டிலிருந்து கசப்புப் பொருளை மட்டும் பிரித்தெடுத்து, அது நம் ரத்தத்தின் வெள்ளணுக்களை என்ன செய்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஒருவருடைய ரத்தத்தை இரண்டு பங்காக்குவாள். ஒரு பங்கில் மட்டும் அந்தக் கசப்பைச் சேர்ப்பாள். பிறகு ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டை இரண்டிலும் விட்டு, எந்தப் பங்கின் அணுக்கள் அதிகம் விழுங்குகின்றன என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள்.

ஆள் போதவில்லை என்று, "அடுத்த வாரம் நீ ரத்தம் தர்றியாம்மா?" என்றாள்.

தலையாட்டிவிட்டேன். பிறகுதான் பயம் பிடித்தது. என் ரத்தம் சோகையாக இருந்து, காலேஜில் பிள்ளைக்குத் தலைகுனிவாகிவிட்டால்? அந்த வாரம் முழுக்க, ரத்தம் தேறட்டும் என்று, வேலிச் சீந்திலில் தினம் ஒரு முழம் தண்டை வெட்டி, இடித்துக் கொதிக்கவைத்துக் குடித்தேன். ரத்தம் எடுக்கும் அன்று, "மருந்து ஏதாவது சாப்பிடறியா?" என்று கேட்டாள். "இல்லையே" என்றேன். கஷாயத்தை எங்கள் வீட்டில் யாரும் மருந்தாக நினைத்ததில்லை.

மறுநாள் மாலை, தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் சமையலறையில் வந்து நின்றாள்.

"உன் ரத்தத்துல ரெண்டு பங்கும் ஒரே மாதிரி விழுங்குதும்மா. மத்தவங்களுக்கெல்லாம் வித்தியாசம் வந்துது. எங்கேயோ தப்பு பண்ணியிருக்கேன். முதல்லேர்ந்து செய்யணும்னா இந்த வருஷம் போச்சு."

தோசைத்திருப்பியை வைத்துவிட்டு, "கஷாயம் குடிச்சேன்" என்றேன்.

"என்ன கஷாயம்?"

ஜன்னல் வழியே வேலியைக் காட்டினேன். பாதி மொட்டையாக நின்ற கொடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள்.

"கசப்பு சேர்க்காத பங்குன்னு நான் பார்த்தது, ஒரு வாரமா கசப்புலயே ஊறின பங்கா!"

"அதனாலதான் அப்படி ஆச்சா?"

"ஒரு ஆளை வச்சு அதையும் சொல்ல முடியாது. ஆனா உன்னைச் சேர்க்க முடியாது." நோட்டில் என் பெயரை அடித்தாள். "இப்போ இன்னொரு ஆளுக்கு எங்கே போவேன்?"

சிரிப்புச் சத்தம் கேட்டு, எதிர் வீட்டு ஆட்டோக்காரர் வாசலில் எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் சட்டைக் கையை மடித்தார்.

"நம்ம கையில எடு பாப்பா. கசாயம் இன்னா, பாவக்கா கூட துன்னது இல்ல. கசப்புக்கு ஊட்டுக்காரி பேச்சே போதும்."

"இன்னாது?" என்று எதிர் வீட்டிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்லமே!"

அவர் ரத்தத்தில் வித்தியாசம் வந்தது. மகள் குறித்த நாளில் ஆய்வை ஒப்படைத்தாள். அவரோ பூந்தமல்லி சவாரி ஒவ்வொன்றிலும், "நம்ம ரத்தம் எம்.எஸ்ஸி. பாஸ் பண்ணிக்கீது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்குத்தான் அன்றைய பயம் இன்னும் விடவில்லை. "மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று எந்த டாக்டர் கேட்டாலும், சுக்குக் காப்பியில் தொடங்கி மிளகு ரசம் வரை ஒப்பித்துவிடுகிறேன். அவர்கள் பேனாவை மூடிவைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.