பாலத்துத் தூணில் ஒரு ஒன்பது

பதினான்கு வருஷமாகப் பெயிண்டர் ஒரு ஒன்பதைச் சுமந்து திரிந்தார். ஆற்றுப் பாலத்துத் தூணில் அடி அளவு எழுதும்போது ஒன்பதை இரண்டு தடவை எழுதிவிட்டாராம். அன்றிலிருந்து ஊருக்கே அவர் "ரெட்ட ஒம்போது". கடைப் பலகை எழுதக் கூப்பிடுகிறவன்கூட, "அண்ணே, பேர ஒருக்கா எழுதினாப் போதும்" என்பான்.

பட்டப்பெயரைப் பரப்பியது வேறு யாருமில்லை, சொந்தச் சகலை. மனைவியின் அக்காள் புருஷன். காலையும் மாலையும் பாலத்தில் நின்று தண்ணீர் மட்டத்தைப் பார்த்து ஆபீசுக்குப் போன் போடுவது அவர் உத்தியோகம். வெயிலோ மழையோ, கையில் குடை. எதையும் அடிக்கணக்கில்தான் பேசுவார். "ஒங்க அக்காவுக்கு இன்னைக்குக் கோவம் பதினோரு அடி. எனக்கு இங்கதான் சாப்பாடு" என்று கொழுந்தியாள் வீட்டில் வந்து உட்காருவார். அவர் வாயைப் பார்த்துத்தான் ஆற்றோரக் கடைத்தெரு மூட்டை கட்டும்.

அளவு எழுதிய வருஷ வெள்ளத்தில், "பன்னெண்டு அடிதான், அசையாதீங்க" என்றார். அசையாமல் இருந்தார்கள். தண்ணீர் அசைந்து வந்தது. செருப்புக் கடைச் செருப்பெல்லாம் ஜோடி பிரிந்து மிதந்தன. தூணைப் பார்த்தால் ஒன்பதுக்கு மேலே இன்னொரு ஒன்பது. பதிமூன்றைப் பன்னிரண்டு என்று ஓரடி குறைத்துக் காட்டியிருக்கிறது. சகலை பெயிண்டரைக் கை காட்டிவிட்டுக் குடையை விரித்தார்.

நடந்ததோ வேறு. கயிற்றுப் பலகையில் தொங்கியபடி பெயிண்டர் எழுத, மேலே நின்று எண்ணைக் கத்திச் சொன்னது சகலைதான். ஒன்பது என்றார், டீ குடிக்கப் போனார், வந்து மறுபடி ஒன்பது என்றார். இதைச் சொன்னால் பெண்டாட்டியே விடவில்லை.

"காதுல விழுந்தது நேரா கைக்கா போகும்? நடுவுல தலைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

இப்போது சகலைக்கு ஓய்வு. பிரிவு உபசார விழாவுக்கு முதல் நாள் பெயிண்டர் பட்டறைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்தார். பெயிண்ட் ஈரம். பெயிண்டர் சொல்லவில்லை.

"நாளைக்கு என் விழாவுக்கு வந்துரு, சகல."

"எதுக்கு? ரெட்ட ஒம்போதுன்னு மைக்குல கூப்பிடவா?"

சகலை குடைக்கம்பியை நோண்டினார். "ரெண்டாவது ஒம்போது நான் சொன்னதுதான்யா. அன்னைக்கே தெரியும். வேலை போயிரும்னு பயந்துட்டேன்."

பெயிண்டர் பிரஷை டப்பாவில் போட்டார். "எனக்குத்தான் தெரியுமே. ஊருக்கு யாரு சொல்றது?"

"நாந்தான் சொல்லணும். ஆனா மைக்கப் புடிச்சா நன்றி வணக்கம்னு எறங்கிருவேன். நீ முன்வரிசையில உக்காரு. நான் எந்திரிச்சதும், 'ரெண்டாவது ஒம்போது சொன்னது யாரு?'ன்னு சத்தமாக் கேளு."

"அப்பவும் நீங்க சொல்லலன்னா?"

"மரியாதையெல்லாம் பாக்காத. மேடையேறி சட்டையப் புடிச்சுக் கேளு."