சுரங்க வாய்க்கு ஒரு வெளக்கு

திருநாவலூர் பக்கம் நான் வாக்கப்பட்ட வூட்டுல, மாட்டுக்கொட்டாய் மூலையில ஒரு கருங்கல் பலகை கெடக்குது. அதுக்குக் கீழ ராஜா காலத்துச் சுரங்கமாம். படை வந்தப்ப கோயில் சாமிங்கள அது வழியாத்தான் ஒளிச்சு எடுத்துக்கினு போனாங்களாம். எதுவரைக்கும் போவுதுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு. மாமனாரு செஞ்சிக் கோட்டைம்பாரு. எங்க வூட்டுக்காரரு கல்வராயன் மலை அடிவாரம்னு அடிச்சுச் சொல்லுவாரு.

அந்த அடிவாரத்துலதான் எங்க அம்மா வூடு. சாமியெல்லாம் போயிடுச்சு, என்னாலதான் ஒரு ராத்திரி போய்த் தங்க முடியல.

பொழுது சாயறப்ப வூட்டு மருமவ அந்தக் கல்லு மேல வெளக்கு வெக்கணும். ஒருநா தவறுனா உள்ள காவலுக்கு இருக்கறது மேல வந்துடுமாம். ரெண்டு நாளு நீங்க ஏத்துங்கன்னு மாமியாரக் கேட்டா, "மருமவ இருக்கறப்ப நான் ஏத்துனா ஆவாது"ம்பாங்க. பதினோரு வருசமா எங்க போனாலும் ஆறு மணிக்குள்ள வூடு. அம்மாவப் பாக்கப் போனா மூணு மணி பஸ்ஸப் புடிக்கணும். சோத்துல கை வெச்சிருந்தாலும் அம்மாவே எழுப்பி வுட்டுடும்.

போன மாசம் கக்கூஸ் கட்டறதுக்குக் கொத்தனாரு அந்தக் கல்லப் பேத்தாரு. இடுப்பளவு ஒரு குழி, அடியில உமி. "சுரங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நெல்லு கொட்டி வெக்கிற குழிம்மா"ன்னாரு. நம்பாம நானே எறங்கி நாலு பக்கமும் தட்டிப் பாத்தேன். கெட்டி மண்ணு. இந்த உமிக்கா இத்தினி வருசம் எண்ணெ ஊத்துனேன்?

வூட்டுக்காரரு அசரல. "சுரங்க வாய அடச்சுட்டுப் போயிருப்பாங்க. நீ வெளக்க வுட்டுடாத"ன்னாரு. கக்கூஸ வேற எடத்துக்கு மாத்திட்டாங்க. கல்லு பழையபடி வந்துடுச்சு.

அடுத்த வாரமே அம்மா வழுக்கி வுழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சு படுத்துடுச்சு. "யாரு வேணா ஏத்திக்குங்க"ன்னு வாசல்ல நின்னு சொல்லிட்டுப் பையத் தூக்கிகினு கெளம்பிட்டேன். அம்மாவுக்குத் தல வாரிகினே குழி கதையச் சொன்னேன். சிரிச்சுது. சிரிச்சுகினே கடியாரத்தப் பாத்துச்சு.

"மூணு ஆவப்போவுது. கெளம்புடி, வெளக்கு ஏத்தணும்ல."

"அதான் அங்க ஒண்ணும் இல்லன்னு சொன்னேனேம்மா."

"இல்லாமயே இருக்கட்டும். எதுக்கும் நீ கெளம்பு."

குழிக்குள்ள நின்னப்பகூட எனக்கு மூச்சு முட்டல. அப்ப முட்டுச்சு.

நான் போவல. சீப்பக் கீழ வெச்சுட்டு அம்மா பக்கத்துலயே உக்காந்துட்டேன். ஆறு அடிக்கிறவரைக்கும் ரெண்டு பேரும் அந்தக் கடியாரத்தையே பாத்துகினு இருந்தோம்.