கட்டத்தைத் தாண்டிப் பெய்த மழை

என் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர் கார்பன். எதைப் பார்த்தாலும் கார்பன் தாள் வைத்து எடுத்தாற்போல அச்சு அசலாக வரைந்துவிடுவாள். வைத்தவர்கள் பாராட்டாகத்தான் வைத்தார்கள், அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். பதினேழு வயதில் அவள் ஒரு பத்திரிகைக்கு அனுப்பிய படக்கதை, முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ‘நகல்’ என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு யார் கார்பன் என்று கூப்பிட்டாலும் காது கேளாதவள்போலப் போய்விடுவாள். ஒன்பது வருஷம் பென்சிலைத் தொடவில்லை. அந்தச் சிவப்பு மைக்காரர் கையில் கிடைத்தால் இன்றைக்கும் சும்மா விடமாட்டேன்.

பிறகு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பின்னறையில் ஜன்னலோரம் அவள் மேசை. லென்ஸை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து எங்கே கீறல் என்று பார்ப்பாள், பிறகு விளிம்பைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவாள். வேறு யார் கண்ணுக்கும் படாத கீறல் அவளுக்குப் பட்டுவிடும். அவள் சரியில்லை என்று ஒதுக்கிய லென்ஸை முதலாளிகூட எடுத்து மாட்டச் சொல்ல மாட்டார்.

அவளை மறுபடி வரையவைத்தவன் நான்தான். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்வதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். புரோகிராம் எழுதுவேனே தவிர, எனக்கு ஒரு நாற்காலிகூட வரைய வராது. அக்காவின் காலைப் பிடித்தேன். மூன்று வருஷத்தில் ஒரு விளையாட்டும் அதோடு படிக்க ஒரு சின்னப் படக்கதையும் முடித்தோம். தோளில் ஏணியோடு, கொட்டுகிற மழையில், அணைந்துபோன தெருவிளக்குகளை ஒவ்வொன்றாக எரியவைத்துக்கொண்டு போகும் ஒரு பெண்ணின் கதை.

அந்த மழைதான் என் உயிரை வாங்கியது. அக்கா வரையும் மழை கட்டத்துக்குள் நிற்காது. படத்தைச் சுற்றியுள்ள கோட்டைத் தாண்டி, பக்கத்தின் வெள்ளை ஓரம்வரை சாய்வாகப் பெய்யும். விளையாட்டிலும் அப்படியே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மேலே ஓடும் ஸ்கோர்மீதும் பெய்யவேண்டும், பட்டன்கள்மீதும் பெய்யவேண்டும்.

“திரையே நனையணும்டா,” என்றாள்.

நான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். விளையாடிப் பார்த்தவர்கள் நான் செய்த வேறு எதைப் பற்றியும் பேசவில்லை, மழையைப் பற்றித்தான் பேசினார்கள்.

எங்களைப்போல வீட்டிலிருந்தே படக்கதையும் விளையாட்டும் செய்கிறவர்களுக்காக ஒரு கண்காட்சி நடக்கவிருந்தது. எங்களுக்கும் ஒரு மேசை தருவதாகப் படிவம் வந்தது. ‘இதிலுள்ள அனைத்தும் என் சொந்தப் படைப்பே’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

“நான் போடமாட்டேன்,” என்றாள் அக்கா.

“ஏன்?”

“பொய்யில்ல அது?”

உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினாள். கதாநாயகியின் மூக்கு: ஒரு சோப்பு விளம்பரம். தாவுகிற விதம்: ஏழாவது படிக்கும்போது விளையாடியது, பெயர் மறந்துவிட்டது. நடை: அம்மா, முழங்கால் வலி வருவதற்கு முன்பு. இப்படித் தாளின் இரண்டு பக்கமும் நிறைந்தது. கடைசி வரிக்கு இரண்டு அடிக்கோடு. மழை முழுவதும்: சலூன் புத்தகம், பக்கம் முப்பத்தொன்று, பாலத்தில் காவல்காரன் நிற்கும் படம்.

அந்தப் படக்கதைப் புத்தகம் எனக்கும் தெரியும். அப்பா முடிவெட்டப் போன சலூனில் அக்கா கேட்டு வாங்கிவந்தது. அட்டை இல்லை, வரைந்தவர் பெயரும் அட்டையோடு போயிருந்தது. பத்து வயதில் அவள் வரையக் கற்றுக்கொண்டது அதைப் பார்த்துத்தான்.

“எல்லாரும்தான் எதையாவது பார்த்து வரையறாங்க. யாராவது இப்படி லிஸ்ட் போட்டுக் குடுப்பாங்களா? மேசை போயிடும்க்கா!”

“போகட்டும். இன்னொருத்தர் கண்டுபிடிச்சுச் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.” பட்டியலைப் படிவத்தோடு சேர்த்து மடித்தாள். “இன்னொரு தடவை அந்த வார்த்தையை என்னால பார்க்க முடியாதுடா.”

மேசை போனால் எனக்கொன்றும் இல்லை. அவள் மறுபடி பென்சிலைக் கீழே வைத்துவிடுவாளோ என்றுதான் பயந்தேன்.

பட்டியல் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் கண்காட்சி நடத்தும் அம்மாள் ஃபோன் செய்தார். அந்தப் புத்தகத்தோடு இரண்டு பேரும் வரவேண்டுமாம். அட்டைப் பெட்டிகள் அடுக்கிய ஒரு மாடியறை. அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. முன்னால் அக்காவின் பட்டியல்.

“நீங்க எழுதின பாலம், காவல்காரனை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். இந்தப் புத்தகம் என்கிட்டயும் இருக்கு,” என்று அட்டை கிழியாத ஒரு பிரதியை எடுத்து முப்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்தார்.

அதே பாலம். அதே காவல்காரன். அவன் தலைக்குமேல் துடைத்துவிட்டாற்போல வானம், ஓரத்தில் அரை நிலா. மழை இல்லை.

அக்கா எங்கள் சலூன் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்தாள். அதில் கொட்டுகொட்டென்று கொட்டியது. கைப்பையிலிருந்து கடையில் பயன்படுத்தும் பூதக்கண்ணாடியை எடுத்து, மூக்கு தாளில் படுமளவு குனிந்தாள். ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டே ஓரம்வரை போனாள்.

“இது மழையில்ல,” என்றாள். “கீறல். நம்ம பிரதியை அச்சடிக்கிறதுக்குள்ள தகடு கீறிப்போயிருக்கு. அதான் கட்டத்துக்கு வெளியே, வெள்ளை ஓரத்துலயும் ஓடுது.”

“நானும் அப்படித்தான் சந்தேகப்பட்டேன்,” என்றார் அம்மாள்.

“நாள் முழுக்கக் கீறலைப் பார்க்கிறவ நான். பத்து வயசுல மழைன்னு நினைச்சேன், அப்புறம் ஒருநாளும் வேற மாதிரி பார்க்கவேயில்ல.” அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. “இத்தனை வருஷம் அதை வரைஞ்சவருக்கு மனசுக்குள்ள நன்றி சொல்லிட்டே இருந்தேன்டா. அவர் மழையே வரையலையே!”

அவள் முதுகில் கையை வைத்தேன்.

அம்மாள் பட்டியலை அவள் பக்கம் நகர்த்தினார். “மேசை உங்களுக்குத்தான். இந்த லிஸ்டையும் மேசைமேலயே வைங்க, நாலு பேர் படிக்கட்டும். கடைசி வரியை மட்டும் திருத்திட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பட்டியலின் கடைசி வரியில் சலூன் புத்தகம் முதல் காவல்காரன் படம்வரை ஒரே கோட்டில் அடித்தாள். ‘மழை முழுவதும்’ என்பதை மட்டும் விட்டுவைத்தாள். அதன் எதிரே ஒரு சொல் எழுதினாள்.

அம்மாள் தாளைத் திருப்பிப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். “கார்பனா? யார் அது?”

“நான்தான்,” என்றாள் அக்கா.